உருகாது, சரி... வளையாமல் நிற்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை அறிவியல் பக்கத்தில், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே தொழில்நுட்ப நிறுவனத்தார் உருவாக்கிய குரோமியம்-மாலிப்டினம்-சிலிக்கான் கலவையைப் பற்றி அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். தமிழில் இப்படிப்பட்ட செய்திக்கு யாரும் இவ்வளவு இடம் கொடுப்பதில்லை, அதற்கு முதலில் நன்றி. ஆனால் தலைப்பில் '2000 டிகிரியைத் தாங்கும் அதிசய உலோகம்' என்று போட்டு, உள்ளே 'இனி விமான எஞ்சின்கள் 2000 டிகிரியில் ஓடும்' என்று முடித்துவிட்டீர்களே, அதைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்த 2000 என்பது அந்தக் கலவையின் உருகுநிலை, அவ்வளவுதான். 2025 அக்டோபரில் நேச்சர் இதழில் அவர்கள் சொன்ன சங்கதி வேறு. அறை வெப்பத்திலேயே உடையாமல் வளைந்துகொடுக்கிறது, உருக 2000 டிகிரி அளவுக்குப் போக வேண்டியிருக்கிறது, காற்றில் 1100 டிகிரி வரை வைத்தாலும் மெதுவாகத்தான் ஆக்சைடு ஆகிறது. இந்த மூன்றும் ஒரே கலவையில் கிடைத்திருப்பதுதான் விசேஷம். இன்றைய எஞ்சின்களில் இருக்கும் 1100 டிகிரி எல்லையைத் தாண்டிப் போக வழி பிறக்கலாம், வெறும் 100 டிகிரி கூடினாலே எரிபொருள் சுமார் 5 சதவீதம் மிச்சமாகும் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. 2000 டிகிரியில் எஞ்சின் ஓடும் என்று அவர்கள் எங்கேயும் சொல்லவில்லை.

நான் அம்பத்தூர் பக்கம் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் ஷாப்பில் (உலோகத்தைச் சூடாக்கிப் பதப்படுத்தும் பட்டறை) பல வருடமாக வேக்குவம் ஃபர்னஸ், அதாவது காற்றை வெளியேற்றிவிட்டுச் சூடாக்கும் உலை, பார்த்துக்கொண்டிருப்பவன். விஞ்ஞானி கிடையாது. ஆனால் மாலிப்டினத்தோடு தினமும் மல்லுக்கட்டுகிற ஆள். ஃபர்னஸுக்குள்ளே ஹீட்டர் பட்டை, அதைச் சுற்றி அடுக்கடுக்காக நிற்கும் தகடு, சரக்கை ஏற்றி வைக்கும் ரெயில் எல்லாமே அதுதான். ஷாப்பில் யாரும் முழுப் பெயர் சொல்வதில்லை, 'மாலி' என்றால் போதும். உருகுநிலை 2623 டிகிரி செல்சியஸ். நாங்கள் ஓட்டுவதோ டூல் ஸ்டீலுக்கு ஆயிரத்தை ஒட்டி, ஹைஸ்பீட் ஸ்டீலுக்கு 1200 வாக்கில். செல்சியஸ் கணக்கில் உருகுநிலையில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. அப்படியிருந்தும், சுத்த மாலியில் செய்த ரெயில் மேல் கனமான டை பிளாக்குகளை (அச்சுக் கட்டிகளை) மாதக்கணக்கில் ஏற்றி இறக்கினால் நடுவில் தொய்வு விழுந்துவிடும். ஸ்ட்ரெயிட் எட்ஜை மேலே வைத்துக் கண்ணை அந்த மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் நடுவில் அடியில் வெளிச்சம் தெரியும். எங்கேயும் உருகவில்லை, விரிசல் இல்லை, நிறம்கூட மாறவில்லை. ரெயில் மட்டும் இறங்கியிருக்கிறது.

இதைத்தான் க்ரீப் என்பார்கள். உலோகத்தைச் சூடாக்கினால் அதிலுள்ள அணுக்கள் இருந்த இடத்தில் இருக்காமல் மெல்ல இடம்பெயர ஆரம்பிக்கும், பாரம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே போகும். எப்போது ஆரம்பிக்கும் என்பதற்கு ஒரு மோட்டாக் கணக்கு உண்டு. உருகுநிலையை கெல்வினில் (செல்சியஸோடு 273 கூட்டினால் வருவது) எடுத்துக்கொண்டு அதில் பாதி, சில சமயம் அதற்கும் கீழே. ஈயம் 600 கெல்வினில் உருகும், நம் வீட்டுக்குள் வெப்பம் சுமார் 300 கெல்வின். அதனால்தான் பழைய கட்டடங்களில் சுவரோடு போகும் ஈயக் குழாய்கள், யாரும் தொடாமலே, தன் எடைக்கே பல வருடத்தில் தொங்கிப்போயிருக்கும். இதே கணக்கில் டங்ஸ்டனுக்கு 1500 டிகிரி செல்சியஸ் என்பது இன்னும் பாதியைத் தொடாத இடம். டங்ஸ்டன், ரீனியம், டாண்டலம், மாலிப்டினம், நயோபியம் என்ற ஐந்து உலோகங்களையும் ஆராய்ச்சிக்காரர்கள் விடாமல் துரத்துவதற்கு அதுதான் காரணம். 3422-ல் தொடங்கி 2477 வரை உருகுநிலை, ஓடுவதற்கு நிறைய இடம்.

சரி, அப்படியென்றால் ஜெட் எஞ்சினுக்குள் சூடான வாயுவில் சுழலும் பிளேடை ஏன் இன்னும் நிக்கலில் செய்துகொண்டிருக்கிறார்கள்? நிக்கல் 1455-ல் உருகிவிடும், கலவையாக்கினால் 1350 வாக்கிலேயே இளகத் தொடங்கிவிடும். பிளேடின் உலோகம் 1100 டிகிரியில் வேலை செய்கிறது. கெல்வினில் போட்டுப் பாருங்கள், உருகுநிலையில் 85 சதவீதம் வருகிறது! வேறெந்த உலோகத்தையும் அந்த அளவுக்கு அதன் உருகுநிலையின் விளிம்பில் நிறுத்திப் பல்லாயிரம் மணி நேரம் சுழற்ற முடியாது. இது நடப்பது உள்ளே இருக்கும் கட்டமைப்பால். நிக்கலும் அலுமினியமும் சேர்ந்த, அரை மைக்ரான் அளவுள்ள குட்டிக் குட்டிக் கனசதுரங்கள் உலோகத்தில் மூன்றில் இரண்டு பங்கு இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன, அணு அடுக்குகள் சறுக்கி வரும்போது வழிமறிக்கின்றன. இதில் வேடிக்கை, சூடு ஏற ஏற ஒரு கட்டம் வரை அந்தக் கனசதுரங்களின் வலுவும் ஏறும். அதற்கு மேல், சாதாரண உலோகம் சின்னச் சின்னப் படிகத் துகள்கள் ஒட்டி நிற்பதுதான் என்பதால், ஒற்றைப் படிகமாக வார்த்து, துகளும் துகளும் சேரும் எல்லையே இல்லாமல் செய்துவிடுகிறார்கள். உள்ளே காற்றோட்டத் துளைகள், வெளியே சூட்டைத் தடுக்கும் சிர்கோனியாப் பூச்சு. உருகுநிலை ஆயிரம் டிகிரிக்கு மேல் கூடுதலாக இருக்கும் மாலி வெளியே நிற்க, நிக்கல் உள்ளே சுழல்கிறது. உங்கள் நிருபர் இந்த ஒன்றை யோசித்திருந்தாலே தலைப்பு வேறு மாதிரி வந்திருக்கும்.

உருகுநிலையும் வலுவும் வேறு வேறு என்பதற்கு ராக்கெட், ஜெட் என்று போக வேண்டாம், நம் வீட்டில் எரிந்த குண்டு பல்பே போதும். 1910-ஐ ஒட்டி அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் வில்லியம் கூலிட்ஜ், உடைந்துகொண்டே இருந்த டங்ஸ்டனை மெல்லிய கம்பியாக இழுக்க வழி கண்டார். கம்பி வந்துவிட்டது, ஆனால் எரியவிட்டால் 2500 டிகிரிச் சூட்டில் சுருள் தொய்ந்து ஒரு வளையம் அடுத்த வளையத்தைத் தொட்டுவிடும். காரணம் இதுதான். அந்தச் சூட்டில் டங்ஸ்டனுக்குள்ளே இருக்கும் துகள்கள் வளர்ந்து, கம்பியின் குறுக்கே முழு அகலத்துக்கும் எல்லை விழுந்துவிடும், மூங்கிலில் கணு இருப்பது மாதிரி. அந்த எல்லையில் ஒரு துண்டு மற்றொன்றின் மேல் பக்கவாட்டில் நழுவும், கம்பி அங்கே மெலியும், மெலிந்த இடம் இன்னும் சூடாகும், போயிற்று. உலகத்திலேயே அதிக உருகுநிலை உள்ள உலோகம், உருகுவதற்கு இன்னும் 900 டிகிரி பாக்கி இருக்கும்போதே கையை விரித்துவிட்டது.

இதைச் சரிசெய்தவர் அதே கம்பெனியில் இருந்த அலடார் பாட்ஸ். 1922-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. டங்ஸ்டன் ஆக்சைடோடு பொட்டாசியம் சிலிக்கேட் போன்ற உப்புகளைக் கலந்து, பிறகு ஹைட்ரஜனில் வைத்து உலோகமாக்கினார். கம்பி தொய்வதில்லை! ஏன் தொய்வதில்லை என்பது பல காலம் புரியாமலே கோடிக்கணக்கான பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. 1960-களின் பிற்பகுதியிலும் 70-களிலும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பொட்டாசியம் அணு பெரியது, டங்ஸ்டனில் கரையாது, வெளியேயும் போக முடியாமல் உள்ளே சிக்கிக்கொள்கிறது. கம்பியை இழுக்கும்போது நீளவாக்கில் நீண்டு, சூடாக்கும்போது ஆவியாகி, சில பத்து நானோமீட்டர் அளவுள்ள குமிழிகளாக வரிசை கட்டி நிற்கிறது. துகள் எல்லை அந்த வரிசையைக் குறுக்கே தாண்ட முடியாது. அதனால் துகள்கள் நீளவாக்கில் மட்டும் வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன, நழுவ வழியில்லை. பொட்டாசியம் எவ்வளவு தெரியுமா? ஒரு கிலோ டங்ஸ்டனில் 60, 80 மில்லிகிராம். உலோகத்துக்குள் ஓட்டை போட்டு அதை வலுவாக்கினார்கள் என்றால் யாராவது நம்புவார்களா? உருகுநிலை ஒரு டிகிரிகூட மாறவில்லை.

மாலிக்கும் இதே கதைதான், வழி மட்டும் வேறு. எங்கள் தொழிலில் டீஇசட்எம் என்று ஒரு சரக்கு உண்டு. மாலியில் அரை சதவீதம் டைட்டானியம், 0.08 சதவீதம் சிர்கோனியம், துளியூண்டு கார்பன். இவை சேர்ந்து நுண்ணிய கார்பைடு பொடியாக உள்ளே விழுந்து அடுக்குகள் சறுக்குவதைப் பிடித்து நிறுத்தும். 1300 டிகிரிக்கு மேல் சுத்த மாலியைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வலு என்று விற்பனைத் தாளிலேயே போடுவார்கள். டைட்டானியத்துக்குப் பதில் ஹாஃப்னியம் போட்டால் இன்னும் ஒரு படி மேலே, ஏனென்றால் ஹாஃப்னியம் கார்பைடு 3900 டிகிரிவாக்கில்தான் உருகும், அந்தச் சூட்டிலும் கரைந்து காணாமல் போகாது. நாசாவின் லூயிஸ் மையத்தில் டங்ஸ்டனில் கொஞ்சம் ரீனியமும் ஹாஃப்னியம் கார்பைடும் சேர்த்துச் செய்தது இந்த வரிசையில் மிக வலுவானவற்றில் ஒன்று. கார்பைடு வேண்டாம் என்றால் லாந்தனம் ஆக்சைடு போட்ட மாலியும் கிடைக்கிறது. இவை எல்லாவற்றிலும் சேர்க்கும் அளவைக் கவனியுங்கள், பெரும்பாலும் ஒரு சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ.

இங்கே ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சப்ளையரிடம் டீஇசட்எம் ரெயில் என்று காசு கொடுத்து வாங்கினோம். டெஸ்ட் சர்ட்டிஃபிகேட்டும் அழகாக இருந்தது. கண்ணுக்குச் சுத்த மாலியும் டீஇசட்எம்மும் ஒன்றுபோலத்தான் இருக்கும், கையில் தூக்கினாலும் வித்தியாசம் தெரியாது. ஃபர்னஸில் போட்டு ஓட்ட ஆரம்பித்து சில வாரத்தில் தொய்வு வந்தது. கழற்றும்போது ஒன்று கை நழுவித் தரையில் விழுந்து அப்பளம் நொறுங்குவது மாதிரி மூன்று துண்டானது. உடைந்த முகத்தில் பெரிய பெரிய துகள்கள் சர்க்கரைக் கற்கண்டாக மின்னின. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, சுத்த மாலியைத் தலையில் கட்டியிருக்கிறார்கள். சுத்த மாலி 1000, 1100 டிகிரியைத் தாண்டினால், உருட்டி அடித்துக் கொடுத்த நாரிழைக் கட்டமைப்பை இழந்து புதுத் துகள்களாக மாறிவிடும். சூட்டில் தொய்யும், ஆறியபின் உடையும், இரண்டு பக்கமும் நஷ்டம். டீஇசட்எம்மில் அந்த மாற்றம் 1400 வரை தள்ளிப்போகும். அதாவது அந்த அரை சதவீதத்துக்குத்தான் நாங்கள் காசு கொடுத்தது. அந்த சப்ளையர் இன்றுவரை 'அதுவும் 2600 டிகிரி தாங்குமே சார்' என்றுதான் பேசுகிறார்.

ஆறியபின் உடைவது என்றேனே, அது இந்த உலோகங்களின் ஜாதகத்திலேயே உள்ள கோளாறு. எரிந்து பழகிய குண்டு பல்பு, எரியும்போது தட்டினால் சமாளித்துவிடும், அணைந்தபின் லேசாகத் தட்டினால் இழை அறுந்துவிடும். பார்த்திருப்பீர்கள். ரீனியம் சேர்த்தால் டங்ஸ்டனுக்கும் மாலிக்கும் வலுவும் கூடும், இந்த நொறுங்கும் குணமும் குறையும், 1955-லிருந்து தெரிந்த விஷயம். ஆனால் ரீனியம் விலையைக் கேட்டால் தலை சுற்றும், கிடைப்பதில் பெரும்பங்கு ஜெட் எஞ்சின் நிக்கல் கலவைக்கே போய்விடுகிறது.

அப்புறம் காற்று. இதை உங்கள் கட்டுரை தொடவே இல்லை, நான் கேட்டால் இதுதான் முதல் பத்தியில் வந்திருக்க வேண்டும். ஃபர்னஸில் சின்ன லீக் இருந்து காற்று புகுந்தால் எங்களுக்கு உடனே தெரிந்துவிடும். கதவைத் திறந்தால் குளிர்ந்த பக்கச் சுவரில் வெளிர்மஞ்சளாக ஊசி ஊசியாகப் படிகம் பூத்திருக்கும், மாலிப்டினம் டிரையாக்சைடு. இரும்பு துருப்பிடித்தால் துருவாவது மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். மாலியின் ஆக்சைடு 795 டிகிரியிலேயே உருகிவிடும், அதற்கு முன்பே ஆவியாகிப் பறந்துகொண்டிருக்கும், உள்ளே இருக்கும் உலோகம் மறுபடி மறுபடி காற்றுக்கு முகம் காட்டி மெலிந்துகொண்டே போகும். ஹீட்டர் பட்டை ஒன்று ஓரங்களில் பிளேடு மாதிரி கூர்மையாகிக் கிடந்ததைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். நயோபியத்தின் ஆக்சைடு பறக்காது, ஆனால் பொருக்குப் பொருக்காக வெடித்து உதிரும், ஆக்சிஜன் உள்ளே இறங்கி உலோகத்தையே முறுகலாக்கிவிடும். 1600 டிகிரியில் எவ்வளவு வலு என்று அளந்து வைத்திருந்தாலும், காற்றில் சில மணி நேரத்தில் பொருளே இல்லாமல் போனால் அந்த வலுவை வைத்து என்ன செய்வது? கார்ல்ஸ்ரூவே கலவையில் குரோமியமும் சிலிக்கானும் செய்யும் உதவி இந்த இடத்தில்தான். அங்கே பாராட்ட வேண்டியதை விட்டுவிட்டு உருகுநிலையைப் பாராட்டியிருக்கிறீர்கள்.

காற்றுக்கு இன்னொரு பதில் பூச்சு. நயோபியத்தில் 10 சதவீதம் ஹாஃப்னியமும் ஒரு சதவீதம் டைட்டானியமும் போட்ட சி-103 என்ற கலவை ராக்கெட்காரர்களின் பழைய நண்பன். தகடாக உருட்டலாம், வெல்டிங் செய்யலாம், வலு நடுத்தரம்தான். அதன்மேல் சிலிக்கானும் குரோமியமும் இரும்பும் கலந்த சிலிசைடு பூச்சு போட்டு, எரிந்த வாயு வெளியேறும் கூம்பான நாசிலின், சிவக்கச் சிவக்க எரியும் கீழ்ப்பகுதிக்குப் பயன்படுத்துகிறார்கள். அப்போலோ சர்வீஸ் மாட்யூல் எஞ்சினின் நாசில் நீட்டிப்பிலேயே நயோபியம் இருந்தது, ஸ்பேஸ்எக்ஸின் மெர்லின் வேக்குவம் எஞ்சினிலும் இருக்கிறது. ராக்கெட்டுக்கு இது பரவாயில்லை, சில நிமிடம் எரிந்தால் போதும். விமானத்தில் பல்லாயிரம் மணி நேரம் ஓட வேண்டும், பூச்சில் ஊசிமுனை அளவு கீறல் விழுந்தால் அந்த ஓட்டை வழியே உள்ளே எல்லாம் தின்றுவிடும்.

நம்ம ஊர்ச் செய்தி ஒன்றையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் கட்ட எஞ்சினின் நாசிலுக்கு இதே சி-103-ஐத்தான் இஸ்ரோ இறக்குமதி செய்துகொண்டிருந்தது. கொலம்பியம் என்று பழைய அமெரிக்கப் பெயரில் பேப்பரில் வந்திருக்கும். நயோபியம் உலக உற்பத்தியில் 90 சதவீதம் அளவுக்கு பிரேசிலில் இருந்து வருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்குப் பதிலாக, உள்நாட்டில் கிடைக்கும் ஸ்டெல்லைட் என்ற கோபால்ட் கலவையில் நாசிலைச் செய்து, 2025 ஏப்ரல் 8-ம் தேதி திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் 665 வினாடி எரியவிட்டுச் சோதித்து, இனி இதையே பயன்படுத்தலாம் என்று முடிவு செய்தார்கள். செலவில் 90 சதவீதம் மிச்சம் என்று அறிவித்தார்கள். ஸ்டெல்லைட் வலுவோடு நிற்பது 1150 டிகிரி வரைக்கும்தான், உருகுநிலையில் நயோபியத்தின் பக்கத்திலேயே வர முடியாது. உங்கள் நிருபரின் கணக்குப்படி பார்த்தால் இது பின்னடைவு! ஆனால் அந்த இடத்துக்கு, அந்த நேரத்துக்கு, அந்த அழுத்தத்துக்கு அதுவே போதும் என்று கணக்குப் போட்டுச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள், பூச்சு என்ற தலைவலியும் மிச்சம். இதே மகேந்திரகிரிச் செய்தி உங்கள் நாளிதழில் உள்பக்கத்தில் நாலு வரியாக வந்ததாக ஞாபகம். எனக்கு அது கார்ல்ஸ்ரூவே செய்திக்குச் சமமான செய்தி.

இந்தத் துறையில் நிஜமாகவே பெரிய எண்ணைத் தேடினால் அதுவும் இருக்கிறது. 2010-ல் அமெரிக்க விமானப்படை ஆய்வகத்தில் ஓலெக் சென்கோவ் குழுவினர், முக்கிய உலோகம் என்று ஒன்றை வைத்துக்கொள்ளாமல் நயோபியம், மாலிப்டினம், டாண்டலம், டங்ஸ்டன் நான்கையும் சமபங்கு கலந்தார்கள். ஹை என்ட்ரோபி அலாய் என்று இப்போது எல்லாரும் பேசுகிற வகை. நம் ஐஐடி மெட்ராஸில் பி.எஸ்.மூர்த்தி போன்றவர்கள் இந்த வகையில் உலகம் அறியும்படி வேலை செய்திருக்கிறார்கள். அளவு வேறான அணுக்கள் அருகருகே நெருக்கியடித்து நிற்பதால் அடுக்கு சறுக்குவது கஷ்டம். 1600 டிகிரியில் அதன் வலு 405 மெகாபாஸ்கல், அதாவது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 41 கிலோ. வனேடியமும் சேர்த்தால் 477. அந்த வெப்பத்தில் நிக்கல் கலவை திரவமாக ஓடிக்கொண்டிருக்கும். அசத்தல்தான். ஆனால் அறை வெப்பத்தில் அதை அமுக்கினால் இரண்டு சதவீதம் கொடுத்துவிட்டு உடைந்துவிட்டது, எடை ஒரு கனசென்டிமீட்டருக்கு 13.75 கிராம், இரும்பைவிட முக்கால் பங்கு அதிகம். உடனே ஹாஃப்னியம், நயோபியம், டாண்டலம், டைட்டானியம், சிர்கோனியம் என்று வேறு ஐந்தைக் கலந்தார்கள். இது 50 சதவீதம் நசுக்கினாலும் உடையவில்லை, ஆனால் 1200 டிகிரியில் வலு 92 மெகாபாஸ்கலுக்கு இறங்கிவிட்டது. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் போர்வை போதவில்லை. 2024-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் நயோபியம்-டாண்டலம்-டைட்டானியம்-ஹாஃப்னியம் கலவை ஒன்றை மைனஸ் 196-லிருந்து 1200 டிகிரி வரை சோதித்து, விரிசல் பரவாமல் தாக்குப்பிடிப்பதைக் காட்டினார்கள். விரிசல் முனையில் படிகம் மடிந்து மடிந்து அழுத்தத்தை வாங்கிக்கொள்கிறதாம். இந்த வகை உலோகத்தில் யாரும் எதிர்பார்க்காத முடிவு அது.

இன்னொன்று, இந்த எண்களில் பல எப்படி வருகின்றன என்பதையும் வாசகருக்குச் சொல்ல வேண்டும். மின்வில்லில் (ஆர்க்) உருக்கிய ஒரு சிறு பொத்தான் உலோகத்திலிருந்து சில மில்லிமீட்டர் துண்டை வெட்டி, இரண்டு பக்கமும் அமுக்கி, சில நிமிடத்தில் எடுக்கும் எண்கள். டர்பைன் பிளேடை யாரும் அமுக்குவதில்லை, அது சுழற்சியில் வெளியே பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும், அதுவும் ஆயிரக்கணக்கான மணி நேரம். அமுக்கினால் மூடிக்கொள்ளும் ஓட்டை, இழுத்தால் திறந்துகொள்ளும். க்ரீப் சோதனை ஒன்றை 1000 மணி நேரம் ஓட்ட ஒரு மெஷின் 42 நாள் வேறு வேலை பார்க்க முடியாமல் அடைந்துகிடக்கும். 1200 டிகிரிக்கு மேலே, வேக்குவத்தில், மின்சாரம் போகாமல், பாரம் ஆடாமல் ஓட்ட வேண்டும். ஆய்வு மாணவனுக்குப் பட்டம் வாங்கும் அவசரம், அமுக்கிப் பார்த்துப் பேப்பர் போட்டுவிடுகிறான், அவனைக் குறை சொல்லவும் முடியாது. காசு போட வேண்டிய இடம் அந்த மெஷின்கள்தான் என்பது என் அபிப்பிராயம். புதுப்புதுக் கலவைக்குப் பஞ்சமே இல்லை.

அமெரிக்க எரிசக்தித் துறை 2020-ல் ஒரு திட்டத்தைத் தொடங்கியபோது எப்படிக் கேட்டார்கள் என்று பாருங்கள். உலோகம் 1300 டிகிரியில் தொடர்ந்து வேலை செய்ய வேண்டும், பூச்சும் குளிர்விப்பும் சேர்ந்து உள்ளே வரும் வாயு 1800 டிகிரியாக இருக்கலாம். இரண்டு எண்ணும் தனித்தனி, எது எதற்கு என்று தெளிவாக. நம் செய்தியில் 1800 மட்டும் வந்திருக்கும், அதற்குப் பக்கத்தில் 'உருகாது' என்று ஒரு வரி.

ஆகவே ஆசிரியர் ஐயா, நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், இத்தனை டிகிரி என்று எழுதும்போது அந்தச் சூட்டில் எவ்வளவு பாரம், எத்தனை மணி நேரம், காற்றிலா வேக்குவத்திலா, இழுத்தா அமுக்கியா என்று அடைப்புக்குள்ளாவது ஒரு வரி சேருங்கள். மூலக் கட்டுரையில் அந்த விவரம் இல்லாவிட்டால் 'இன்னும் அளக்கவில்லை' என்றே எழுதுங்கள், வாசகர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடப் புரிந்துகொள்ளும். கார்ல்ஸ்ரூவே கலவை எனக்கும் ஆவலைக் கிளப்பியிருக்கிறது. அதை 1200, 1300 டிகிரியில் ஆயிரக்கணக்கான மணி நேரம் பாரத்தோடு தொங்கவிட்ட முடிவுகள் வெளிவந்தால் முழுப் பக்கமாகவே போடுங்கள். பெரிய பிளேடு அளவுக்கு வார்க்க முடிந்ததா என்றும் அதே கட்டுரையில் விசாரித்துவிடுங்கள், குரோமியம் அதிகமுள்ள உருக்கை வார்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை.

இப்படிக்கு,
ஒரு ஃபர்னஸ்காரன்,
அம்பத்தூர், சென்னை